விடுதி அறைகளில் கற்ற பாடம்

புது தில்லி: ஒடிஸாவிலிருந்து படிப்பதற்காக தில்லிக்கு வந்த ரிதேஷ் அகர்வால், 2012-இல் தங்குமிடங்களைப் பட்டியலிடும் "ஓராவெல்" இணையதளத்தைத் தொடங்கினார். அது எதிர்பார்த்தபடி வளரவில்லை. காரணமறிய, பல விடுதிகளில் தாமே தங்கிப் பார்த்தார். சுத்தமும் சேவையும் இடத்துக்கு இடம் மாறுபட்டன. முன்பதிவு எளிதானாலும் அறையில் நிம்மதி இல்லை.

படிப்பைக் கைவிட்ட அவர், 2013-இல் குர்கானில் ஒரேயொரு விடுதியைச் சீரமைத்து "ஓயோ"வைத் தொடங்கினார். அதே ஆண்டு அமெரிக்காவின் தீல் உதவித்தொகையாக 1 லட்சம் டாலர் கிடைத்தது. நிறுவனம் பல நாடுகளுக்கு விரைந்து பரவியது. ஆனால், 2020-இல் ஆயிரக்கணக்கானோரைப் பணிநீக்கம் செய்ய நேர்ந்தது.

முதலீட்டைத் தேடுமுன் வாடிக்கையாளரின் குறையை நேரில் காண வேண்டும். வளரும்போது அளவறிந்து விரிய வேண்டும். தொழில் தொடங்க விழையும் மாணவர்களுக்கு இவ்விரண்டும் பாடங்கள்.