டிராக்டர் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா?

கார் சாகுபடிக்குத் தொழி உழவு தொடங்கிவிட்டால் செங்கோட்டை, புளியரை, இலத்தூர் பக்கம் டிராக்டர்களுக்கு ஓய்வே கிடையாது. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கும் வண்டி, பொழுது சாயும் வரை முழு இழுவையில் ஓடும். 'ஒழுக்கு எதுவும் கண்ணில் படவில்லை; ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ரேடியேட்டருக்கு அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது' என்ற பேச்சு பட்டறைகளில் அதிகம் கேட்பது இந்த நாட்களில்தான். பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய வண்டி என்றால், 'பழசு, அப்படித்தான் குடிக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். என்ஜின் தண்ணீர் குடிப்பதில்லை. குறைகிறது என்றால் எங்கோ போகிறது.

நம் பகுதியில் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாரல் காலத்தில் வண்டி எப்போதும் நனைந்தே நிற்கும். அடியில் சொட்டுவது மழைத் தண்ணீரா, ரேடியேட்டர் தண்ணீரா என்று தெரியாது. மலைக்காற்றின் குளிர்ச்சியில் வெப்பமானி முள்ளும் சீக்கிரம் ஏறாது. வெயில் அடிக்கும் ஒரு நாளில், அல்லது டிரெய்லரில் பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போதுதான் முள் சிவப்புக்குப் போகும். அதற்குள் ஹெட் வளைந்துவிட்டால் செலவு பல ஆயிரங்களில். உழவுப் பருவமும் கையை விட்டுப் போகும்.

ஒழுக்குதானா என்று முதலில் பாருங்கள்

பழைய டிராக்டர்கள் பலவற்றில் உபரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாட்டில் இருக்காது. அவற்றில் காலையில் மூடி வரை ததும்ப நிரப்பினால், சூடேறித் தண்ணீர் விரிந்ததும் மிச்சம் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே போய்விடும். மறுநாள் திறந்தால் ஓர் அங்குலம் குறைவாக இருக்கும். மறுபடி ததும்ப நிரப்புவார்கள், மறுபடி வெளியேறும். இது ஒழுக்கே இல்லை. கழுத்துக்குக் கீழே ஓர் அங்குலம் இடம் விட்டு நிரப்பி, அந்த மட்டத்தையும் மணி மீட்டர் அளவையும் குறித்து வையுங்கள். மூன்று நாள் கழித்து மட்டம் அப்படியே இருந்தால் கவலை இல்லை.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, அழுத்தத்தைக் காக்கும் வால்வு. சுத்தமான தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 7 பி.எஸ்.ஐ. மூடி போட்டிருந்தால் அதுவே சுமார் 110 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. சூடான தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் குழாயின் முனையில் காலி பாட்டில் ஒன்றைக் கட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். குறைந்த அளவு அப்படியே பாட்டிலில் இருந்தால் முதலில் மூடியை மாற்றுங்கள். அதே அழுத்த எண் பொறித்த மூடிதான் வேண்டும். என்ஜின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தாலும் மூடியின் உள்வால்வு சிக்கியிருக்கலாம்.

இந்த இரண்டும் இல்லையென்றால் தேடலைத் தொடங்கலாம். வண்டியைக் கழுவித் துடைத்து, கொட்டகைக்குள் சமதளத்தில் நிறுத்தி, அடியில் அட்டையோ பழைய செய்தித்தாளோ விரித்து இரவு முழுக்க விடுங்கள். விடிகாலையில், ஸ்டார்ட் செய்யும் முன்பே பாருங்கள். சில ஒழுக்குகள் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே வரும். ரப்பரும் உலோகமும் சுருங்கி, ஹோஸ் கிளிப் தளரும் நேரம் அது. சூடேறினால் தானே அடைத்துக்கொள்ளும். பகலில் பட்டறைக்கு ஓட்டிப்போனால் மெக்கானிக் 'ஒன்றுமில்லையே' என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரம் தெரியாவிட்டாலும் தடம் இருக்கும். கசிந்த கூலன்ட் காய்ந்து வெள்ளையாக, அல்லது பச்சை, சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்தது போல் படியும். ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் கூடு, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கிண்ணம் போல் அடித்திருக்கும் தகட்டு ப்ளக்குகள் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் அந்த ப்ளக்குகள் உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழும்.

அதிகம் ஏமாற்றுவது வாட்டர் பம்ப்தான். அதன் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். பம்பின் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடிவதற்காகவே அந்தத் துளை. அதை ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்கைத் தின்னும். பம்ப் ஆடி, ஃபேன் இறக்கை ரேடியேட்டரிலேயே இடிக்கவும் கூடும். துளைக்குக் கீழே தடம் இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப் வேலை வந்துவிட்டது.

ரேடியேட்டரில் மேல், கீழ் தொட்டிகள் சேரும் ஓரம்தான் அதிகம் விடும். செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் பற்றவைத்துக்கொள்ளலாம். சேறும் வைக்கோல் தூசியும் அடைத்த தகடுகளை உயர் அழுத்தத் தண்ணீரால் முன்னிருந்து அடிக்காதீர்கள். தகடு மடங்கும், தூசி இன்னும் உள்ளே போகும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக அடிக்க வேண்டும்.

வெளியே தடமே இல்லையென்றால்

இதுதான் பயப்பட வேண்டிய இடம். தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது என்று பொருள். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சில குமிழிகள் வந்து நின்றால், சிக்கிய காற்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஹெட் கேஸ்கட் வழியாக எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது. மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறும் முன்பு மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே சந்தேகம்தான்.

ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி போல் இருந்தாலோ, ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சந்தேகம் தீர இன்னொரு வழி: இரவு முழுக்க நின்ற வண்டியின் ஆயில் ட்ரெயின் ப்ளக்கைக் காலையில் மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் சொட்டுவது தண்ணீர் என்றால் கேஸ்கட்டோ, லைனரின் அடி ரப்பர் வளையமோ போயிருக்கும். பம்ப் துளையில் சொட்டும் வண்டியை மட்டம் பார்த்துப் பார்த்து அன்றைய உழவை முடிக்கலாம். ஆயிலில் தண்ணீர் கலந்த வண்டியை ஒரு வயல் கூட ஓட்டக் கூடாது. கிராங்க் பேரிங் போய்விடும்.

எதுவும் பிடிபடாவிட்டால் பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். மூடிக்குப் பதில் அதை மாட்டி, மூடியில் உள்ள அழுத்தம் வரை கையால் பம்ப் அடித்து, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் சோதனை. அந்தக் கருவி இல்லாமலே ஹெட்டைக் கழற்றலாம் என்பவரிடம் கொஞ்சம் யோசித்து வண்டியை விடுங்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டு ஒழுக்கை அடைக்கும் வழக்கம் லாரி ஓட்டுநர்கள் காலத்திலிருந்து இருக்கிறது. நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர உதவலாம். ஆனால் அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது. மெல்லிய குழாய்களிலும் படியும். அப்படிச் செய்திருந்தால் பிறகு முழுவதும் கழுவி எடுத்தாக வேண்டும்.

பழுது நீங்கியதும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல், காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ட்டை டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து நிரப்புங்கள். நமக்கு உறைபனி இல்லை. ஆனால் துரு பிடிக்காமல் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. சூடான ரேடியேட்டரைத் திறக்காதீர்கள். காய்ந்த என்ஜினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கும். வடித்தெடுத்த பழைய கூலன்ட்டைத் தொழுவத்துப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் விஷம். மாடும் நாயும் நக்கிக் குடிக்கும். கேனில் அடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

வண்டி சில நாள் நிற்க வேண்டி வந்தால், வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம். பருவத்தில் வரிசை நீளம், ஹெட்டைக் கழற்றும் அன்றே பதிந்துவிடுங்கள்.