மேகசின் பொருந்துகிறது, தோட்டா சிக்குகிறது!

துப்பாக்கி வெடிக்கிறது. வெற்றுக் கூடு பக்கவாட்டில் பறந்து விழுகிறது. பின்னால் போன போல்ட் முன்னால் பாய்ந்து மூடிக்கொள்கிறது. மறுபடி விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும்தான். திறந்து பார்த்தால் அறை காலி. அங்கே ஏறியிருக்க வேண்டிய தோட்டா மேகசினுக்குள்ளேயே கிடக்கிறது. மேகசினைக் கழற்றி மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உடையவில்லை, வளையவில்லை, துப்பாக்கியில் ‘கிளிக்’ என்று கச்சிதமாகத்தான் மாட்டியது.

அரைத்தானியங்கி ஷாட்கன்களுக்கு வெளியார் தயாரித்த மேகசின்களை வாங்கியவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. அதிலும் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் தயாரான சைகா-12 வைத்திருக்கும் அமெரிக்கர்களுக்கு நன்றாகவே தெரியும். கலாஷ்னிகோவ் ரைஃபிளின் இயக்கமுறையை 12 போர் தோட்டாவுக்கு ஏற்பப் பெரிதாக்கினால் கிடைப்பது சைகா-12. மத்திய ஆசியப் புல்வெளிகளில் திரியும் சைகா மானின் பெயர்தான் அதற்கும்.

ரஷ்யத் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் எதற்கு மேகசின் செய்தார்கள்? ஒரு காரணம் சட்டம். ‘விளையாட்டுக்கு உரியதல்ல’ என்று இறக்குமதி தடுக்கப்பட்ட வடிவத்தில் ஓர் அரைத்தானியங்கி ரைஃபிளையோ ஷாட்கன்னையோ வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டு கூட்டக் கூடாது என்கிறது 1990இல் வந்த கூட்டாட்சிச் சட்டப் பிரிவு. அதற்கான விதி 20 பாகங்களைப் பட்டியலிட்டு, 10க்கு மேல் இறக்குமதியாக இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டுகிறது. மேகசினின் உடல், தோட்டாவைத் தூக்கும் தட்டு, அடித்தட்டு மூன்றும் அந்தப் பட்டியலில் தனித்தனிப் பாகங்கள். உள்நாட்டு மேகசின் ஒன்றை மாட்டினால் கணக்கில் மூன்று வெளிநாட்டுப் பாகம் ஒரே மூச்சில் குறையும்! 2014 ஜூலையில் கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் மீது அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தபின் அசல் சரக்கின் வரத்தும் நின்றது. இப்படி வளர்ந்த சந்தையில்தான் சிக்கலும் சேர்ந்து வளர்ந்தது.

தோட்டாவே ஒத்துழைக்காது

பழியை மேகசின் மீது போடுமுன் தோட்டாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெட்டி மேகசினுக்கு இதைவிடப் பொருந்தாத உருவம் கிடைப்பது அரிது.

ரைஃபிள் தோட்டாவுக்குக் கூர்மையான மூக்கு உண்டு. சற்றுக் கோணல் மாணலாக வந்தாலும் மூக்கு வழுக்கிக்கொண்டு துளைக்குள் போய்விடும். ஷாட்கன் தோட்டாவின் முகமோ தட்டையானது. ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலமுள்ள மழுங்கிய முகம், தன்னைவிட மயிரிழை மட்டுமே அகலமான அறைக்குள் நேராக நுழைய வேண்டும். கொஞ்சம் தலை தூக்கினாலும் தலை கவிழ்ந்தாலும் விளிம்பில் முட்டி நிற்கும்.

அடுத்த தொல்லை, அடிப்பாகத்தில் சுற்றிலும் துருத்தி நிற்கும் விளிம்பு. உடல் ஏறத்தாழ 20.5 மி.மீ. என்றால் விளிம்பின் விட்டம் 22.5 மி.மீ. வாய் விரிந்த டம்ளர்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கம் வளையுமே, அதே கதைதான் இங்கும். இரண்டு தோட்டாக்களுக்கு இடையே பின்பக்க இடைவெளி முன்பக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தோட்டாவின் நீளத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு பாகைக்கு மேல் சாய்வு விழும். பத்துத் தோட்டா அடுக்கினால் பன்னிரண்டு, பதின்மூன்று பாகை. மேகசினின் உட்குழிவு இந்த வளைவைப் பின்பற்றாவிட்டால் நடுவில் எங்கோ தோட்டா சுவரில் உராயும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் பயன்படுத்திய பிரென் இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் முன்னோக்கி வளைந்திருந்ததற்கும் அதன் தோட்டாவில் இருந்த விளிம்புதான் காரணம்.

அடுக்கும் வரிசையும் முக்கியம். மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். இடம் மாறிப் பின்னால் விழுந்துவிட்டால், போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அது கீழிருப்பதையும் கொக்கி போட்டு இழுக்கும்; இரண்டும் அசையாது. மேகசினின் உள்நீளம் தேவைக்கு மேல் சில மில்லிமீட்டர் கூடினாலே தோட்டாக்கள் முன்னும் பின்னும் நழுவி இந்த நிலை வந்துவிடும். இதில் வாங்குபவரைக் குழப்பும் இன்னொரு விஷயம் உண்டு. பெட்டியில் 70 மி.மீ., 76 மி.மீ. என்று அச்சிட்டிருப்பது தோட்டா வெடித்து, மடித்த வாய் விரிந்தபின் உள்ள நீளம். வெடிக்காத தோட்டா அதைவிடக் குட்டை. வாயை மடித்த விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு கம்பெனிக்கும் கொஞ்சம் மாறும்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றுதான் பழைய வடிவமைப்பாளர்கள் குழாய் மேகசினைப் பிடித்துக்கொண்டார்கள். ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்ற புகழ்பெற்ற அரைத்தானியங்கி ஷாட்கன்னில் தோட்டாக்கள் குழலின் அடியில் ஒரே வரிசையில் நின்றன. விளிம்பின் மேல் விளிம்பு ஏறும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் குழாயில் ஒவ்வொன்றாகத்தான் திணிக்க வேண்டும். பெட்டியென்றால் ஒரே இழுப்பில் மாற்றிவிடலாம். அந்த வேகத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஸ்பிரிங்கின் அவசரம்

மேகசினுக்குள் இருக்கும் ஸ்பிரிங் சும்மா தாங்கிக்கொண்டிருந்தால் போதாது; ஓட வேண்டும். போல்ட் பின்னால் போய்த் திரும்பும் கண நேரத்தில் மொத்த அடுக்கையும் ஒரு தோட்டா உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும்.

தோராயமாக ஒரு கணக்கு போடலாம். தோட்டா ஒன்று 45 கிராம். உள்ளே எட்டு மிச்சம். எடை 360 கிராம். ரைஃபிளின் சிறிய தோட்டா முப்பது சேர்ந்தால்தான் இந்த எடை வரும். அதை 20 மி.மீ. உயரத்துக்கு ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் தூக்குவதாக வைத்துக்கொண்டால், புவியீர்ப்பையும் சேர்த்து 16 நியூட்டனுக்கு மேல் விசை தேவை. உராய்வு இதில் சேர்த்தியில்லை. ஒரே ஒரு தோட்டா மிஞ்சும்போது 2 நியூட்டன் போதும்.

இழுத்த அளவுக்கு விசை என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இங்கே நல்ல துணை. அமுக்கம் அதிகமாக இருக்கும்போது சுமையும் அதிகம். தோட்டா குறையக் குறைய ஸ்பிரிங் தளர்கிறது, சுமையும் இறங்குகிறது. ஆனால் உராய்வு மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் கடைசி ஒன்றிரண்டு தோட்டாக்களில்தான் பலவீனமான ஸ்பிரிங் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நல்ல எஃகு ஸ்பிரிங் அளவோடு அமுங்கிக் கிடப்பதால் பெரிதாகக் கெடாது. ‘இன்னும் ஒரு தோட்டா பிடிக்கும்’ என்று விளம்பரம் செய்வதற்காகச் சுருளோடு சுருள் முட்டும் அளவுக்கு அமுக்கினால்தான் அதன் உயரம் நிரந்தரமாகக் குறைந்துபோகும்.

எஃகைவிட வேகமாகத் தளர்வது தோட்டாதான்! 1960களிலிருந்து அதன் உடல் பெரும்பாலும் பாலித்திலீன். சாதாரண வெப்பநிலையிலேயே இந்தப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் அழுத்தத்தின் கீழ் மெல்ல நழுவும். நிரப்பிய மேகசினை வாரக்கணக்கில் வைத்திருந்தால், மூடிய போல்ட்டுக்குக் கீழே நசுங்கிக் கிடக்கும் முதல் தோட்டா வட்ட வடிவம் இழந்து தட்டையாகும். தட்டையான தோட்டா வட்டத் துளைக்குள் போகாது. மேகசின் மீது வரும் புகார்களில் ஒரு பகுதி உண்மையில் இந்தப் பிளாஸ்டிக்கின் வேலை.

எண் ஒன்று போதாது

இனி வெளித்தயாரிப்பாளரின் சங்கடத்துக்கு வருவோம். அவரிடம் அசல் கம்பெனியின் வரைபடம் இல்லை. ஓர் அசல் மேகசினை வாங்கி அளக்கிறார். பின்பக்கக் கொக்கி துப்பாக்கியின் பூட்டில் அமரும் இடம் இத்தனை மில்லிமீட்டர், மேல்வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் இரு உதடுகளின் இடைவெளி இத்தனை என்று குறித்துக்கொள்கிறார். அளவு சரி. ஆனால் அந்த அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம்? ஒரு மாதிரியை ஆயிரம் முறை அளந்தாலும் அது தெரியாது. அவர் கையில் கிடைத்தது சராசரியா, அனுமதியின் விளிம்பில் தப்பித்து வந்த ஒன்றா என்பதும் தெரியாது.

பொறியாளர்கள் இந்த அனுமதியை ‘டாலரன்ஸ்’ என்பார்கள். பிழைகள் கூடும் விதம் சுவாரசியமானது. தோட்டாவின் உயரத்தைத் தீர்மானிக்க ஐந்து அளவுகள் வரிசையாகச் சேர்கின்றன என்று வையுங்கள்: துப்பாக்கியின் பூட்டு, மேகசின் கொக்கி, உதடுகளின் உயரம், போல்ட் ஓடும் தடம், தோட்டாவின் தடிமன். ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. பிழை இருக்கலாம். எல்லாம் ஒரே திசையில் கூடினால் ஒரு முழு மில்லிமீட்டர். கூடியும் குறைந்தும் வந்தால் வர்க்கக் கூட்டலின்படி 0.45 மி.மீ. அளவில் நிற்கும். அதனால்தான் பெரும்பாலோர் துப்பாக்கியில் ஓடும் மேகசின் ஒருவருடையதில் மட்டும் முரண்டு பிடிக்கிறது. மேகசின் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தால் போல்ட் விளிம்பின் மேலே தாண்டிப் போகக்கூடும். அரை மில்லிமீட்டர் உயர்ந்தால் உதடுகளில் உரசி வேகம் இழக்கும்.

இதற்கு மேல் பிளாஸ்டிக்கின் குணமும் உண்டு. உருக்கி அச்சில் ஊற்றிய நைலான் குளிரும்போது சுருங்கும். தடித்த இடமும் மெலிந்த இடமும் ஒரே மாதிரி சுருங்காது. அப்போது சுவர் உள்வாங்கித் தோட்டாவைப் பிடிக்கும். சூடேறும்போது நைலான் எஃகைவிடப் பல மடங்கு விரியும், ஈரத்தை உறிஞ்சி உப்பவும் செய்யும். கண்ணாடி நார் கலப்பது இதையெல்லாம் கட்டுப்படுத்தத்தான்.

பாகங்கள் மாற்றிப் போட்டாலும் பொருந்த வேண்டும் என்ற எண்ணமே துப்பாக்கித் தொழிலில் வேரூன்றியது. 1785இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஓனோரே பிளாங்க் என்ற கைவினைஞர் செய்த துப்பாக்கிப் பூட்டுகளின் பாகங்களைக் கலந்து, கைக்கு வந்ததை எடுத்துத் தாமே பூட்டிப் பார்த்து வியந்து, வெளியுறவுச் செயலர் ஜான் ஜேவுக்குக் கடிதம் எழுதினார். பின்னர் அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜான் ஹால் 1820களில் இதைத் தொழிலாகவே நடத்திக் காட்டினார். அவருடைய ரகசியம் அளவுக் கருவிகளில் இருந்தது. ஒவ்வொரு பாகமும் தனக்கென உள்ள அளவுக் கருவியில் தேறினால்தான் வெளியே போகும். வரம்பை முன்கூட்டியே வகுத்து வைத்ததால் பொருந்தல் தானாக வந்தது.

நோய் யாரிடம்?

சிக்கல் வந்ததும் பலர் செய்வது, மேகசின், தோட்டா, போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் வாயு அமைப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவது. சரியாகிவிட்டால்கூட எதனால் சரியானது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மேகசினிலும் பெயிண்டால் எண் போட்டு, எந்த எண்ணில் எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது என்று எழுதிவைத்தால் பாதி நோய் அப்போதே பிடிபடும். முதல் தோட்டாவிலேயே சிக்கினால் அளவுக்கு மீறிய திணிப்பு அல்லது நசுங்கிய தோட்டா. நடுவில் என்றால் விளிம்பு கொக்கி போட்டது, அல்லது சுவர் பிடித்தது. கடைசியில் என்றால் ஸ்பிரிங் அல்லது சாய்ந்துபோகும் தூக்குத் தட்டு.

வெற்றுக் கூடு எங்கே கிடக்கிறது என்பதும் சாட்சி. கூடு வெளியேறாமல் உள்ளேயே மாட்டியிருந்தால் மேகசினைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் வலுக்குறைந்த தோட்டாவால் போல்ட் முழுத்தூரம் பின்னால் போயிருக்காது. கூடு நன்றாகப் பறந்து, புதியது மட்டும் வரவில்லை என்றால் மேகசின் பக்கம் திரும்பலாம். உதடுகளில் மார்க்கர் பேனாவால் மை தடவி, வெடிமருந்தில்லாத டம்மி தோட்டாவைப் பலமுறை ஏற்றி இறக்கினால் மை எங்கே உரிகிறதோ அங்கேதான் உரசல்.

எத்தனை முறை சுட்டுப் பார்த்தால் நம்பலாம்? பத்துக்கு ஒருமுறை சிக்கும் மேகசின், தொடர்ந்து ஐந்து முறை சிக்காமல் ஓட 59 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து குண்டு சுட்டுவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்பவர் ஏமாறும் இடம் இதுதான். ஏமாறும் வாய்ப்பை ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறக்க, 29 முறை சிக்காமல் ஓட வேண்டும்.

மேகசின் பொருந்தாத இடத்தில் அரம் எடுப்பது உலகெங்கும் வழக்கம். மேகசினைத்தான் ராவ வேண்டும், துப்பாக்கியை அல்ல என்பது அனுபவசாலிகள் சொல்லும் பாடம். மேகசின் போனால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் ராவியபின் அந்த மேகசின் அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. வேறொன்றில் மாட்டினால் தொங்கலாம், ஆடலாம். அதன் மேல் துப்பாக்கியின் எண்ணையும் எழுதிவைக்க வேண்டியதுதான். பிளாங்குக்கு முந்தைய கொல்லர்கள் ஒவ்வொரு பூட்டுக்கும் அதனதன் பாகங்களில் அடையாளம் கொத்தி வைத்ததும் இந்தக் காரணத்துக்காகவே. ஆகவே ஒரு மேகசினைக் குப்பையில் போடுமுன் நண்பரின் துப்பாக்கியில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் சிக்கினால் மேகசின் கெட்டது. ஒன்றில் மட்டும் சிக்கினால் துப்பாக்கியும் மேகசினும் தனித்தனியே நல்லவையாகவே இருக்கலாம். அவற்றின் பிழைகள் ஒரே திசையில் கூடிவிட்டன, அவ்வளவே.