கடல் பாதுகாப்பு: பேசும் படகே கரைசேரும்

ஆபத்தில் தவிக்கும் படகின் குரலைக் கேட்கும் செயற்கைக்கோள்கள் சூளூர்பேட்டைக்கு அருகிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆனால் படகில் இருப்பவருக்குப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். பேசும் கருவி கைக்கு எட்ட வேண்டும்.

சென்னைக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், கல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது சூளூர்பேட்டை. 2022இல் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய ஊர். இங்கிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை, பழவேற்காடு ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு செல்கிறது. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஏரியில் பாய் விரித்த நாட்டுப் படகுகளையும் பார்க்கலாம். சாலை முடியும் இடத்தில் ராக்கெட் தளம்.

ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று சுற்றுவட்டார மீனவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வந்துவிடும். கரையிலிருந்து கடலுக்குச் செய்தி சொல்வது அவ்வளவு சிரமமில்லை. கடலில் சிக்கியவர் கரைக்குச் சொல்வதுதான் சிரமம்.

இதற்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் தொடர்பு உண்டு. 2016 செப்டம்பர் 8ஆம் தேதி இங்கிருந்து போன இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரி 17ஆம் தேதி போன இன்சாட்-3டிஎஸ் இரண்டும் வானிலைச் செயற்கைக்கோள்கள். புயலைப் படம் பிடிப்பதோடு இவற்றுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கப்பல்களிலும் படகுகளிலும் உள்ள அபாய அறிவிப்புக் கருவிகளின் சமிக்ஞையை வாங்கி, பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையத்துக்கு அனுப்புகின்றன. அங்கிருந்து தகவல் மீட்புப் படையினருக்குப் போகிறது.

இப்படிப்பட்ட கருவிகளின் அருமையை இந்தியர்கள் உணர்ந்தது 2018 செப்டம்பரில். தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் கலந்துகொண்டிருந்தார் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. செப்டம்பர் 21ஆம் தேதி தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலில் அவருடைய ‘துரியா’ உருண்டது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் பலத்த அடி, எழுந்திருக்க முடியவில்லை.  ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் சுமார் 1,900 கடல் மைல் தொலைவில் இருந்தது.

அவரைக் காப்பாற்றியவை செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவியும், இருப்பிடத்தைத் தெரிவிக்கும் அபாய அறிவிப்புக் கருவியும்தான். கான்பெராவில் உள்ள மீட்பு மையம் பொறுப்பை ஏற்றது. மொரீஷியஸிலிருந்து பறந்த இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24ஆம் தேதி பிரான்ஸின் மீன்வளக் கண்காணிப்புக் கப்பலான ‘ஓசிரிஸ்’ அவரை மீட்டது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. துரியாவில் கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ ஒன்றும் இருந்தது. அவசரப் பையில் இருந்த அதை எடுத்தால் விமானத்தோடும் வரும் கப்பலோடும் பேசலாம் என்று போட்டி அமைப்பாளர்கள் வற்புறுத்தினார்கள். அடிபட்டுப் படுத்திருந்தவரால் அந்தப் பையை எட்ட முடியவில்லை. படகிலேயே இருந்தும் ரேடியோ உதவவில்லை.

பாய்மரப் படகுக்கே உரிய சங்கடம் இன்னொன்று. ரேடியோவின் ஆன்டெனாவைப் பாய்மரத்தின் உச்சியில் பொருத்துவார்கள். காரணம், வி.எச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போவது. பூமியின் வளைவு அதை மறித்துவிடும். ஆகவே உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. 16 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா உள்ள இரண்டு படகுகள் சுமார் 33 கி.மீ. வரை பேசிக்கொள்ளலாம். கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கையடக்க ரேடியோவைப் பிடித்திருக்கும் இருவருக்கு எட்டுவது சுமார் 8 கி.மீ.தான். பொருத்தப்பட்ட ரேடியோவின் சக்தி 25 வாட், கையடக்க ரேடியோவுடையது பெரும்பாலும் 5 அல்லது 6 வாட். ஆனால் வாட்டைக் கூட்டுவதால் மட்டும் பூமியின் வளைவைத் தாண்டிவிட முடியாது.

பாய்மரம் விழுந்தால் ஆன்டெனாவும் கூடவே விழுகிறது. பேச வேண்டிய நேரத்தில் ரேடியோ ஊமையாகிவிடுகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் படகின் பின்புறக் கம்பியில் மாட்ட மாற்று ஆன்டெனா ஒன்றை வைத்திருக்கிறார்கள். கையடக்க ரேடியோவை அறைக்குள் பூட்டி வைக்காமல், மிதவைச் சட்டையோடு கயிற்றால் கட்டிக்கொள்கிறார்கள்.

பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. உலகெங்கும் அபாய அழைப்புக்கு 16ஆம் சேனல், அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். கப்பல்களும் கடலோரக் காவல் படையும் காது கொடுத்துக் கேட்கும் இடம் அது. அங்கே ஊர்க்கதை பேசுவது, அழுகிறவரின் வாயைப் பொத்துவதற்குச் சமம். ஏனென்றால் ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் ‘மேடே’ என்று மூன்று முறை. பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், படகில் எத்தனை பேர். சொல்லி முடித்ததும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். பதற்றத்தில் பலர் மறப்பது இதைத்தான். பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் பதில் காதில் விழாது. உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத அவசரம் என்றால் ‘பான் பான்’.

புதிய ரேடியோக்களில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், படகின் ஒன்பது இலக்க அடையாள எண் 70ஆம் சேனல் வழியாகத் தானே போய்விடும். இந்தியப் படகுகளுக்கு அது 419 என்று தொடங்கும். ஜி.பி.எஸ். இணைப்பு இருந்தால் இருப்பிடமும் கூடவே போகும். எண்ணைப் பதிவு செய்யாமலோ ஜி.பி.எஸ்ஸை இணைக்காமலோ விட்டால் அந்தப் பொத்தானால் பாதிப் பயன்கூட இல்லை.

உலகம் சுற்றும் வீரர்களுக்கு இத்தனை வசதி. வயிற்றுப்பாட்டுக்காகக் கடலுக்குப் போகிறவர்களுக்கு? 2017 நவம்பர் 30ஆம் தேதி கன்னியாகுமரியை உலுக்கிய ஒக்கி புயல் கசப்பான பதிலைத் தந்தது. எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்குக் கரையின் குரல் எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

கருவிகளே இல்லை என்று சொல்ல முடியாது. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்பு டிரான்ஸ்மிட்டர் 2010 முதலே இருக்கிறது. 20,000க்கும் அதிகமானவை பயன்பாட்டுக்கு வந்தன. ஆனால் பொத்தானை அழுத்தியவருக்குத் தன் குரலை யாராவது கேட்டார்களா என்று தெரியாது. 2019இல் வந்த ‘ஜெமினி’ கருவி இதற்கு நேர் எதிர்: புயல் எச்சரிக்கையைக் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. ஒன்றுக்குக் காது இல்லை, மற்றதற்கு வாய் இல்லை.

2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை டிரான்ஸ்மிட்டர்தான் இந்தக் குறையைப் போக்கியது. அபாயச் செய்தி கிடைத்தது என்ற பதில் படகுக்கே திரும்பி வருகிறது. செல்போனோடு இணைத்து அவரவர் தாய்மொழியில் படிக்கலாம். நடுக்கடலில் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு, யாரோ கேட்டுவிட்டார்கள் என்று தெரிவதே பாதி உயிர்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி, ஒரு லட்சம் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர் தரும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்தார். வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் அது விசைப்படகுகளுக்கும் மோட்டார் பொருத்திய படகுகளுக்கும்தான். காற்றை நம்பிப் போகும் பாய்ப் படகு அதில் இல்லை.

பாய்ப் படகுக்காரருக்கு மிஞ்சியிருப்பது செல்போன். அதைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554ஐ மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். கரைக்கு அருகே இது கைகொடுக்கும். டவர் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை.

ஆழ்கடலின் முனகலைக்கூடக் கேட்கும் செயற்கைக்கோள்கள் சூளூர்பேட்டை வானத்தைக் கடந்துதான் மேலே போகின்றன. அந்த வானத்தின் கீழே பாய் விரித்துப் போகிறவர் கையிலும் பேசும் கருவி ஒன்று இருக்க வேண்டும் என்பது பெரிய ஆசையல்ல.