நூற்றுக்கு நூறாம்! எந்த நூறு?

ஊரப்பாக்கம் ரயிலடியில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைக்கு வரும் தோழர்களே! தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் சற்றே தலைநிமிர்ந்து பாருங்கள். வண்டலூர்ப் பக்கம் திரும்பினாலும் பலகை, கூடுவாஞ்சேரிப் பக்கம் திரும்பினாலும் பலகை. 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி!' என்று கொட்டை எழுத்துக்கள் முழங்கும். பிள்ளைகள் வென்றால் மகிழாத நெஞ்சும் ஒரு நெஞ்சா? மகிழ்கிறோம். மகிழ்ந்துகொண்டே கேட்கிறோம்: எந்த நூறு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 100 பிள்ளைகள். அவர்களில் 30 பேர் தேறமாட்டார்கள் என்று நிர்வாகம் நினைக்கிறது. வேலைக்குப் போன தகப்பனை அரை நாள் கூலியை இழந்து வரச் செய்து, "உங்கள் பையனுக்கு வேறு பள்ளி பாருங்கள்" என்று டி.சி.யைக் கையில் திணிக்கிறது. மீதி 70 பேர் தேர்வு எழுதி, 70 பேரும் தேறினர். ஏறியது பலகை! அந்த 30 பேரையும் அணைத்துக்கொண்டது அரசுப் பள்ளி. அங்கே ஏற்கெனவே இருந்தோர் 70. தேர்வு எழுதியோர் 100, தேறியோர் 88. உடனே, "அரசுப் பள்ளி மட்டம்" என்கிறது ஊர்! விரட்டியவனுக்கு மாலை, வாரி எடுத்தவனுக்கு வசை. இதுவா அளவுகோல்?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக்கூடாது என்கிறது. வேலி அங்கே முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் திறக்கிறது வெளியேற்றும் வாசல்!

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்ற பட்டியலைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. யார் செய்தாலும் நன்று நன்றே. ஆயினும் பட்டியல் போயிற்றே தவிர, பலகை போகவில்லை.

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 'சார்ட்டர் பள்ளி' என்றொரு முறை உண்டு. பணம் மக்களுடையது, நிர்வாகம் தனியாருடையது. பிள்ளைகள் எடுக்கும் மதிப்பெண்ணைக் காட்டித்தான் உரிமத்தை நீட்டிக்கவேண்டும். 1991-இல் மின்னசோட்டா மாநிலம் முதன்முதல் இதற்குச் சட்டம் இயற்றியது. 2015-இல் நியூயார்க் நகரில் அத்தகைய பள்ளி ஒன்றில், 'போயே தீரவேண்டியவர்கள்' என்று 16 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இருந்ததை 'நியூயார்க் டைம்ஸ்' ஏடு வெளிப்படுத்தியது. அவர்களில் 9 பேர் வெளியேறியும்விட்டனர். கடல் கடந்தாலும் கதை ஒன்றே!

1920-இல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் மதிய உணவு தந்தாரே, அன்று போட்ட கணக்கு என்ன? எத்தனை ஏழைப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள் என்பது! இன்றோ, எத்தனை பேரை வெளியே தள்ளினால் நூறு வரும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

தேர்வு வேண்டாம் என்றோ, அளக்கவே கூடாது என்றோ நாம் சொல்லவில்லை. முழுதாக அளந்து சொல்லுங்கள் என்கிறோம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் உண்டு. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலிருந்து எங்கே போயிற்று என்பதை அதைக்கொண்டு அறியலாம். ஒன்பதில் இருந்தோர் எத்தனை, பத்தில் எழுதியோர் எத்தனை, இடையில் டி.சி. பெற்றோர் எத்தனை? தேர்ச்சி விழுக்காட்டோடு இம்மூன்று எண்களையும் பள்ளிவாரியாக அரசு வெளியிடட்டும்.

அதுவரை தோழர்களே, பிள்ளையைச் சேர்க்கப் போகும் இடத்தில் நீங்களே கேளுங்கள்: "நூறு பேர் தேறினார்கள், சரி. போன ஆண்டு இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர்?"

கேட்கத் தயங்காதீர்கள்! விரட்டப்படுவது நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.