தில்லி மேட்டுக்காடும் சீமைக் கருவேலும்

தலைநகரில் வாழும் தமிழராகிய நாம் அடிக்கடி ஒரு காட்டைக் கடந்து செல்கிறோம். கரோல்பாக்கிலிருந்து தௌலா குவானுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் அடர்ந்து நிற்கும் ‘ரிட்ஜ்’ என்னும் மேட்டுக்காடே அது. என்றும் இவ்வாறே இருந்த கானகம் என அதனைக் கருதுவோர் பலர். ஆராய்ந்து நோக்கின், தட்பவெப்பமும் மனிதர் செயலும் காலந்தோறும் அதனை மாற்றி வந்துள்ளமை விளங்கும்.

குஜராத்தில் தொடங்கி வடகிழக்காக ஓடிவரும் ஆரவல்லி, உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களுள் ஒன்று. அதன் வடகோடியே தில்லி மேடு. அங்கே பாறை மிகுதி. மண்ணின் ஆழம் குறைவு. ஆண்டு மழையின் பெரும்பகுதி சூலை முதல் செப்டம்பர் வரை மூன்றே திங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. மே மாதத்து ‘லூ’ என்னும் அனற்காற்றையும் சனவரிக் குளிரையும் ஒருங்கே தாங்கவல்ல மரங்களே அங்கு நிலைக்கும். ஆதலின் முள்ளும் சிற்றிலையும் கொண்ட வேல இனங்களும், தௌ மரமும், செந்நிறப் பூக்கள் சொரியும் பலாசும் இம்மேட்டுக்கு உரியவையாயின.

தட்பவெப்பமும் என்றும் ஒரே நிலையில் இருந்ததன்று. ஹரியானாவில் கோட்லா தஹார் என்னும் பழைய ஏரியின் படிவுகளில் கிடைத்த நத்தை ஓடுகளை ஆராய்ந்த அறிஞர்கள், ஏறத்தாழ 4100 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவில் பருவமழை திடுமெனக் குன்றியது என்று கண்டனர். மழை குன்றிய நிலத்தில் வறட்சிக்கு அஞ்சாத செடிகளே மேலோங்கும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

இனி மனிதர் செயலைக் காண்போம். 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் இம்மேட்டில் வேட்டை மாளிகைகள் எழுப்பினார். அவற்றுள் ஒன்றாகிய மால்ச்சா மகால் இன்றும் சிதைந்து நிற்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் நகரத்தின் அடுப்புகளுக்கு விறகும் ஆடுமாடுகளுக்குத் தழையும் தந்து மேடு தேய்ந்தது. 1911இல் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என அறிவித்த ஆங்கிலேயர், புதுநகருக்குப் பசுமையான பின்னணி வேண்டுமென விரும்பினர். 1913இல் மேட்டின் நடுப்பகுதியைக் காப்புக்காடாக்கி, மரங்கள் நட்டனர். அவ்வாறு நடப்பட்டவற்றுள் ஒன்று, மெக்சிகோ முதலிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட ‘விலாயதி கீகர்’.

அது வேறொன்றுமன்று, நம் இராமநாதபுரத்துக் கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலே. ‘விலாயதி’ என்பதும் ‘சீமை’ என்பதும் ஒரே பொருளன. ஊரை விட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் வந்த நம்மை இங்கும் எதிர்கொள்வது அதே முள்தான்.

இதன் நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்னுகின்றன. விதைகளோ செரியாமல் சாணத்தோடு எங்கும் பரவுகின்றன. வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கிறது. வேர் ஆழச் சென்று நீர் தேடுகிறது. அடர்ந்த நிழலும் உதிர்ந்த இலைகளும் பிற நாற்றுகளை எழவிடா. ஏழைக் குடும்பங்களுக்கு விறகும் கரியும் தந்த மரம் இது என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் ஒரு மரமே நிறைந்த பசுமை, காடு ஆகிவிடாது.

தில்லி எல்லையை அடுத்து, ஹரியானாவில் மங்கர் பனி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. தெய்வத்தின் காடெனப் போற்றி அங்குள்ள மக்கள் கிளையையும் முறிப்பதில்லை. அங்கே இன்றும் தௌ மரங்கள் செறிந்து நிற்கின்றன. பாறை அதுவே, மழை அதுவே, வெயிலும் அதுவே. வேறுபட்டது மனிதர் நடத்தை ஒன்றுதான்.

1994இல் தில்லி மேட்டில் சுமார் 7777 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்போடு அமையாமல் காட்டை மீட்கும் வழியும் வேண்டும். கீகரை ஒரேயடியாக வெட்டி எறிந்தால் மண் அரிக்கும். பறவைகள் புகலிடம் இழக்கும். ஆதலின் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு போன்றோர் அதன் மேற்கிளைகளைக் கழித்து ஒளி புகச் செய்து, கீழே நாட்டு மரங்களை வளர்க்கும் முறையை எடுத்துரைத்தனர். வசந்த விஹார் அருகே, முன்பு கற்சுரங்கமாக இருந்த நிலம் இன்று ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்காவாகத் திகழ்கிறது.

மழைக்காலந்தோறும் நம் குடியிருப்புகளில் மரநடு விழாக்கள் நடைபெறுகின்றன. எளிதில் வளர்வது எது என்று கேளாமல், இம்மண்ணுக்கு உரியது எது என்று கேட்டு நடுவோமாக. பலாசும் நாட்டுக் கருவேலும் மெல்லத்தான் வளரும். ஆனால் அவற்றின் நிழலில் பிற உயிர்களுக்கும் இடம் உண்டு. நாம் வாழவந்த மண்ணுக்கும், நாளை இங்கு வாழப்போகும் நம் மக்களுக்கும் செய்யத்தக்க கடமை அதுவே.