உடலின் குரல்

காற்பந்து விளையாடிவிட்டு வீடு திரும்பிக் குளிக்கும்போதுதான் முழங்காலில் எரிச்சல் தெரிகிறது. குனிந்து பார்த்தால் தோல் உரிந்து இரத்தம் காய்ந்திருக்கிறது. எப்போது விழுந்தோம் என்பதுகூட நினைவில் இல்லை. காயம் அப்போதே பட்டுவிட்டது. வலி மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

இதயத் துடிப்பு, மூச்சு, பசி, தாகம், களைப்பு ஆகியவை பற்றிய செய்திகள் உடலின் உள்ளிருந்து மூளைக்கு இடைவிடாமல் சென்றுகொண்டே இருக்கின்றன. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகளும் அதே மூளையைத்தான் அடைகின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க நம்மால் இயலாது. வெளியே நடப்பது விறுவிறுப்பாக இருந்தால், உள்ளிருந்து வரும் செய்தி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. வெளியே சுவையான எதுவும் இல்லையென்றால் அது முன்னே வந்து நிற்கிறது.

ஜேம்ஸ் பென்னபேக்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகளில் இதைக் காணலாம். ஒன்றில் அவர் இருமலை ஆராய்ந்தார். திரைப்படம் பார்த்த மாணவர்கள், சுவையான காட்சிகளைவிடச் சலிப்பூட்டும் காட்சிகளின்போதே அதிகம் இருமினர். (அடுத்த சபைகூடலில் உரை நீளும்போது சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள்!) மற்றோர் ஆய்வில், உடற்பயிற்சி இயந்திரத்தில் பயிற்சி செய்தவர்களுள் சிலருக்கு அவர்களுடைய மூச்சொலியே ஹெட்போன் வழியாகக் கேட்டது, சிலருக்குத் தெரு ஓசைகள் கேட்டன. மூச்சொலியைக் கேட்டவர்களே அதிகக் களைப்பு ஏற்பட்டதாகக் கூறினர். ஓட்டக்காரர்களும், திடலைச் சுற்றிச் சுற்றி ஓடியதைவிடக் குறுக்கோட்டப் பாதையில் வேகமாக ஓடினர். அங்கே பார்ப்பதற்கும் கவனிப்பதற்கும் நிறைய இருந்தது.

மருத்துவமும் இதைப் பயன்படுத்துகிறது. தீக்காயத்தைச் சுத்தம் செய்து கட்டு மாற்றும்போது கடும் வலி ஏற்படும். சியாட்டல் நகரில் ஹண்டர் ஹாஃப்மேன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், அந்த நேரத்தில் நோயாளிகளை மெய்நிகர் விளையாட்டு ஒன்றில் ஈடுபடுத்தினர். பனி மூடிய பள்ளத்தாக்கில் பனிப்பந்துகளை எறிந்து விளையாடியவர்கள், வலி குறைந்ததாகக் கூறினர். வலி மருந்து கொடுத்தும் தீராத வலி அது.

ஆனால், கவனம் திரும்பும்போது மாறுவது நம் உணர்வுதான். உடலின் தேவை அப்படியேதான் இருக்கிறது. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உண்பவர், வயிறு நிறைந்ததைக் கவனிக்கத் தவறலாம். வெயிலில் விளையாடும் மாணவன் ஆட்டத்தின் மும்முரத்தில் தாகத்தை மறந்திருப்பான். அதற்காக வியர்வை நிற்பதில்லை. தலை சுற்றும்போதுதான் அவனுக்குத் தண்ணீரின் நினைவு வரும்.

அதனால்தான் அனுபவமுள்ள பயிற்றுநர், “யாருக்குத் தாகம்?” என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்துகிறார். எல்லாரையும் நிழலுக்கு அழைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்.