கிருஷ்ணனின் ஆட்டக் கணக்கு

பொதிகைச் சாரல் படியும் தென்காசி, குற்றாலம், அச்சன்புதூர் முதலிய ஊர்கள் அருவிக்கும் வயல்வளத்திற்கும் பெயர் பெற்றவை. டென்னிஸ் உலகிலும் இவ்வட்டாரத்திற்கு ஓர் இடம் உண்டு. தென்காசியைப் பூர்விகமாகக் கொண்ட டி. கே. இராமநாதன் தேர்ந்த டென்னிஸ் ஆட்டக்காரர். 1937 ஏப்ரல் 11-இல் நாகர்கோவிலில் பிறந்த தம் மகன் கிருஷ்ணனுக்கு அவரே ஆசானாக விளங்கினார்.

ஆட்டக்காரர் ஒருவரின் திறத்தை அவருடைய வெற்றி தோல்விக் கணக்கைக் கொண்டு மதிப்பிடுவது உலக வழக்கம். கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியர் எவரும் அதற்கு முன் அதனைப் பெற்றதில்லை. பெரியோர்க்குரிய ஒற்றையர் பட்டமோ அவருக்குக் கிட்டவில்லை. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரையிறுதியில் தோற்றார். தோற்றார் என்ற சொல்லோடு நின்றுவிடின் அக்கணக்கைப் பாதியே படித்ததாகும். யாரிடம் தோற்றார் என்பதையும் காண வேண்டும். முதலாண்டில் அவரை வென்றவர் நீல் பிரேசர். மறு ஆண்டில் வென்றவர் ராட் லேவர். அவ்விருவருமே அவ்வவ்வாண்டின் பட்டத்தைக் கைக்கொண்டனர். அந்த லேவரையே 1959-இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் கிருஷ்ணன் வென்றிருந்தார். பின்னாளில் இருமுறை விம்பிள்டன் பட்டம் பெற்ற ராய் எமர்சனும் 1961 கால் இறுதியில் கிருஷ்ணனிடம் ஒரு செட்டும் பெறாமல் வீழ்ந்தார்.

அக்காலத்தில் பணம் பெற்று ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்க்கு விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. விம்பிள்டனில் இத்தடை 1968-இல்தான் நீங்கியது. 1959-இல் ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர், தம் தொழில்முறைக் குழுவில் மூன்றாண்டுகள் ஆட 1,50,000 டாலர் தருவதாகக் கிருஷ்ணனை அழைத்தார். அந்நாளில் அது பெருஞ்செல்வம். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். இசைந்திருப்பின் மேற்கூறிய இரண்டு அரையிறுதிகளும் அவர் கணக்கில் ஏறியிரா. நாட்டிற்காக ஆடும் டேவிஸ் கோப்பைக் கணக்கும் அவ்வாண்டோடு நின்றிருக்கும். அக்கணக்கோ பெரிது: ஒற்றையரில் 50 வெற்றி, 19 தோல்வி, இரட்டையரில் 19 வெற்றி, 9 தோல்வி.

அந்த 50 வெற்றிகளுள் ஒன்று தனித்துக் கூறத்தக்கது. 1966 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது இரு நாடுகளும் இரண்டிரண்டு வெற்றிகளோடு சமநிலையில் நின்றன. இறுதி ஆட்டத்தில் கிருஷ்ணனை எதிர்த்தவர் தாமஸ் காக். ஐந்து செட்களில் மூன்றை வெல்பவர்க்கே வெற்றி. காக் இரண்டு செட்களை வென்றுவிட்டார். நான்காம் செட்டிலும் ஐந்துக்கு இரண்டு என முந்தினார். இன்னும் ஒரே கேம் கிட்டினால் பிரேசில் வென்றுவிடும். கிருஷ்ணனோ வலிமையை நம்பி ஆடுபவர் அல்லர். பந்தை வேண்டிய இடத்தில் மென்மையாக வைக்கும் நுட்பமே அவருடைய படைக்கலம். அடுத்தடுத்து ஐந்து கேம்களை வென்று அந்தச் செட்டை 7-5 எனக் கைப்பற்றினார். கடைசிச் செட்டையும் 6-2 என வென்றார்.

அவ்வெற்றியால் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை எய்தியது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா நான்குக்கு ஒன்று என வென்றது. இந்தியா பெற்ற அந்த ஒரு வெற்றி இரட்டையர் ஆட்டத்தில் வந்தது. நியூகோம்ப், ரோச் என்னும் புகழ்வாய்ந்த இணையைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் வென்றனர்.